கடன் எழுதி வைத்த கலைமனை

ஆம்ஸ்டர்டாம் நகரின் யூதர் பெருந்தெருவிலே, செங்கல்லால் எழுந்த மாடமனை ஒன்று நிற்கிறது. ஏறத்தாழ 1606-இல் கட்டப்பட்டது. மாவாலைக்காரர் மகனாய்ப் பிறந்து ஓவிய மன்னனாய் உயர்ந்த ரெம்பிராண்ட், 1639-இல் அதனை 13,000 கில்டருக்கு வாங்கினார். கையில் அவ்வளவு பொருள் ஏது? தவணையில் தருவதாக ஒப்பந்தம். புகழை நம்பி வீட்டைக் கொடுத்தனர்!

வடக்குச் சாளரங்களின் வழியே வெம்மையற்ற ஒளி பரவும் மாடியறையே அவரது ஓவியக்கூடம். 'இரவுக் காவல்' முற்றுப்பெற்ற 1642-இல் அவர் வாழ்ந்தது இங்கேதான். அதே ஆண்டு மனைவி சாஸ்கியா கண்மூடியதும் இங்கேதான். வந்த வருவாயோ சிலையாக, சிப்பியாக, பிறர் தீட்டிய ஓவியமாக மாறி அறைகளை நிறைத்தது. வீட்டுக்கடன் மட்டும் முழுதாகத் தீரவில்லை.

1656-இல் நொடித்தார். நீதித்துறை எழுத்தர்கள் வந்தனர். அறை அறையாக நுழைந்து, 363 இலக்கங்களிட்டு அனைத்தையும் எழுதினர். வெளுக்கப் போட்டிருந்த சட்டையையும் கைக்குட்டையையும்கூட விட்டுவைத்தனரா? இல்லை! 1658-இல் வீடும் விலைபோயிற்று. வாடகை மனையில் வாழ்ந்து 1669-இல் மறைந்த அந்தக் கலைஞனுக்குச் சொந்தக் கல்லறையும் வாய்க்கவில்லை.

பின்வந்தோர் உட்புறத்தை மாற்றினர். அன்று ஏலத்தை வேடிக்கை பார்த்த நகரம், 1907-இல் அவ்வீட்டை வாங்கிற்று; 1911-இல் அது காட்சியகமாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில், அறைகளைப் பழையபடி அமைக்க முனைந்தோர் எதைத் தேடி எடுத்தனர் தெரியுமா? கடன்காரருக்காக எழுதிய அந்தப் பட்டியலை! எந்த அறையில் எப்பொருள் இருந்ததென்று அதைப் பார்த்தே அடுக்கினர்.