அழுகையைப் பார்க்காதீங்க, அம்மா திரும்பி வர்ற நொடியைப் பாருங்க

சரவணம்பட்டி ஐடி கம்பெனிக்குக் கிளம்பும் அம்மாவைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதா 'பாசம்' என்கிறோம். அழலேன்னா 'ஒட்டுதலே இல்லை' என்கிறோம். ரெண்டுமே அவசர முடிவுங்க.

மேரி ஐன்ஸ்வொர்த் 1954-55-ல் உகாண்டா கிராமங்களில் 26 குடும்பங்களைக் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில், 1960களில், சுமார் 20 நிமிடச் சோதனை ஒன்றை உருவாக்கினார். ஒரு வயதுக் குழந்தை, புது அறை, முன்பின் தெரியாத ஒருத்தர். அம்மா ரெண்டு தடவை வெளியே போய்த் திரும்புவார். முக்கியமா மதிப்பிடுவது அந்தத் திரும்பி வரும் நொடியைத்தான்: குழந்தை அவரிடம் ஆறுதல் தேடுதா, தேறி மறுபடி விளையாடுதா?

1980களில் ஜப்பானின் சப்போரோவில் இதைச் செய்தபோது, கணிசமான குழந்தைகள் லேசில் தேறலை. பாசக் குறைவு இல்லைங்க. தனியா இருந்தே அவங்களுக்குப் பழக்கமில்லை என்பது ஒரு விளக்கம்.

அம்மிச்சி, அப்புச்சி, அத்தைன்னு கை மாறி வளரும் கொங்குக் குழந்தையும் அந்த அறையில் அலறலாம். அதுக்காக ஒரு தாய்க்கு மார்க் குறைக்க நான் தயாரில்லை. சாயந்தரம் நீங்க கதவைத் திறக்கிறப்போ குழந்தை என்ன செய்யுது? அதைக் கவனிங்க.