சங்கிலியும் கவனிப்பும்: மனநலச் செவிலியர் பணியின் வரலாற்றுப் பாடம்

முதுகுளத்தூருக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் அமைந்துள்ளது ஏர்வாடி. அங்குள்ள தர்காவிற்கு மனநோயால் வருந்துவோரை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். குணசீலம் பெருமாள் கோவிலுக்கும், புளியம்பட்டி அந்தோணியார் ஆலயத்திற்கும் இவ்வாறே அழைத்துச் செல்கின்றனர். ஆகவே இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலவில்லை.

இக்கொடுமைக்குச் சங்கிலியே காரணம் என்று கூறி நாம் அமைந்துவிடுகிறோம். ஆனால் சங்கிலி எங்கு, ஏன் நுழைகிறது என்பதை ஆராய்வது நம் கடமை. கண்விழித்து உடனிருப்பார் இல்லாத இடத்தில்தான் இரும்பு காவலாகிறது. இதனை வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.

பாரிசு நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் நோயாளரின் சங்கிலிகளை அகற்றிய புகழ் பினேல் என்னும் மருத்துவருக்கு உரியதாகக் கூறப்படுவதுண்டு. உண்மையில் 1797இல் அதனைச் செய்தவர் அங்கு மேற்பார்வையாளராயிருந்த புசேன் என்பவரே. அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். முன்னர் அதே மருத்துவமனையில் நோயாளியாகத் தங்கியிருந்தவர். நோயாளரோடு பகலும் இரவும் வாழ்ந்து, அவர்தம் நடத்தையைக் கண்டு, தாம் கண்டவற்றை எழுதியும் வைத்தார். பினேல் அவரிடமிருந்தே பலவற்றைக் கற்றார். 1839இல் இங்கிலாந்தின் ஆன்வெல் மனநோய் விடுதியில் கட்டுகளை ஒழித்த ஜான் கனாலி, நல்ல பணியாளர் போதிய எண்ணிக்கையில் இன்றி இது நிலைக்காது என வற்புறுத்தினார். கட்டு அவிழ்ந்த இடத்தை மனிதர் நிரப்ப வேண்டியிருந்தது.

நம் நாட்டில் சென்னையில் 1794இலேயே மனநோயாளர் விடுதி ஏற்பட்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய விடுதி எழுந்தது. எனினும் உயர்ந்த மதில்களுக்குள் காவலே பெரிதாக எண்ணப்பட்டது. 1950களில் இருவகை மாற்றம் நிகழ்ந்தது. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பெற்று, அப்பத்தாண்டிலேயே மனநலச் செவிலியர்க்கெனத் தனிப்பயிற்சியும் அங்கு ஏற்பட்டது. அதே காலத்தில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளரின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் நிறுவிய மனநல மையமும் உறவினர் உடன்தங்குவதையே முறையாக்கியது. கவனிக்கும் பொறுப்பில் குடும்பமும் பங்கு பெற்றது.

கவனிப்பு என்பது யாது? வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது அன்று. உறக்கம், உணவு, பேச்சு, நடை, பிறரோடு பழகுதல் ஆகியவற்றில் நாள்தோறும் தோன்றும் மாறுதலை அறிவதாகும். மருந்தினால் கை நடுங்குகிறதா, மாத்திரை விழுங்கப்பட்டதா என்று நோக்குவதாகும். ஆழ்ந்த துயரிலிருந்த ஒருவர் திடீரென அமைதியடைந்தால், அது நலமா, தற்கொலை முடிவின் அறிகுறியா எனத் தெளிவதாகும். கண்டதைக் கண்டவாறே எழுதுவதும் இதனுள் அடங்கும். 'முரட்டுத்தனம் காட்டினார்' என்னும் குறிப்பு தீர்ப்பாகும். 'இரவில் இருமுறை எழுந்து கதவருகே நின்று மகளின் பெயரைச் சொல்லி அழைத்தார்' என்பதே கவனிப்பாகும். பின்னதை வாசிக்கும் மருத்துவர்க்கு வழி பிறக்கும்.

கண்ணும் சங்கிலியாகக் கூடும் என்பதையும் நாம் மறத்தலாகாது. பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை எட்டிப்பார்த்துப் பட்டியலில் குறியிடும் முறை மேலைநாட்டு மருத்துவமனைகளில் பரவியது. ஆயினும் அவ்வாறு கண்காணிக்கப்பட்டோருள்ளும் சிலர் தற்கொலை செய்துகொண்டதைப் பிரித்தானிய ஆய்வுகள் காட்டின. ஒரு சொல்லும் பேசாது நோக்கும் கண், நோயாளர்க்குக் காவலர் கண்ணாகவே தோன்றும். செவிலியர்க்கும் நோயாளர்க்கும் இடையேயுள்ள உறவே சிகிச்சையின் அடிப்படை என்று 1952இல் எழுதிய அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவின் கருத்து இங்கு எண்ணத்தக்கது.

ஏர்வாடித் தீவிபத்திற்குப்பின் அங்கிருந்த தனியார் காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என விதித்தது. சட்டம் சங்கிலியைத் தடுக்கும். உடனிருப்பாரைத் தானாகத் தந்துவிடாது.

கல்லறைகளிடையே விலங்குகளை முறித்துக்கொண்டு திரிந்த மனிதனைப் பற்றி நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அவனைக் கட்டிய ஊராரிடத்தில் நாமும் நிற்கக்கூடும். திருச்சபை நடத்தும் இல்லங்களையோ ஜெப வீடுகளையோ காணச் செல்லும் போதகர், ஜெபித்துத் திரும்புவதோடு அமையாது சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். இங்கு இரவில் விழித்திருப்பவர் யார்? அவர் எத்தனை பேரைக் கவனிக்கிறார்? பயிற்சி பெற்றவரா? நேற்றைய இரவைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு எங்கே? ஆபத்து நேர்ந்தால் கதவைத் திறப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையில்லாத இடத்தில், சங்கிலி நம் கண்ணுக்குத் தென்படாவிடினும், அதற்குரிய இடம் ஆயத்தமாகவே உள்ளது என அறிவோமாக.