டேப்லட் பிறந்த கதை

திருகோணமலையின் ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து பார்த்தால் உள்துறைமுகத்தின் நீருக்கு அப்பால் சீனக்குடா தெரியும். 1927இல் திருகோணமலைக்கு வந்த புகையிரதப் பாதை அந்தச் சீனக்குடாவைத் தொட்டு, துறைமுகத்தின் வடகரையைச் சுற்றிக்கொண்டு நகரத்துக்குள் நுழைகிறது. கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்த பிறகு, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று கடைசிவரைக்கும் ஒரே ஒரு சோடித் தண்டவாளம்தான். நடுவில் வெள்ளம் மண்ணை அரித்தாலும், மரம் சாய்ந்தாலும், யானையில் மோதி எஞ்சின் தடம் புரண்டாலும் கோச்சியைத் திருப்பிவிட வேறு தடம் கிடையாது.

அப்படியான பாதையில் அவசர நேரத்தில் செய்யக்கூடியவை மூன்று. கோச்சியை நிறுத்தி வைக்கலாம். வந்த வழியே பின்னுக்கு அனுப்பலாம். அல்லது, எதிரெதிராக வரும் இரண்டு கோச்சிகள் எந்த நிலையத்தில் ஒன்றையொன்று கடக்க வேண்டுமோ அந்த நிலையத்தை மாற்றலாம். மூன்றாவதுதான் மிகவும் பொல்லாதது. அதில் நடந்த ஒரு தவறின் இரத்தத்திலிருந்துதான் டேப்லட் என்ற அனுமதித் தகடு பிறந்தது.

இங்கிலாந்தின் கிழக்கே நோரிச் நகரம். 1874 செப்டம்பர் 10, இரவு, மழை. நோரிச்சுக்கும் பிரண்டாலுக்கும் நடுவே ஒற்றைப் பாதை. இரண்டாவது தடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஆனால் திறக்கப்படவில்லை. நோரிச்சிலிருந்து போக வேண்டிய விரைவு வண்டி தாமதம். அதற்காகப் பிரண்டாலில் தபால் வண்டி காத்து நிற்கிறது. விரைவு வண்டி வரும்வரை அதை ஏன் நிறுத்தி வைக்க வேண்டும், முதலில் தபால் வண்டியை நோரிச்சுக்கு எடுத்துவிடலாமே என்று யோசனை எழுகிறது. நோரிச்சின் இரவுக் கண்காணிப்பாளர் தந்தி எழுத்தரிடம் அந்தச் செய்தியைச் சொல்கிறார். அதில் கையெழுத்து வைக்கவில்லை. கையெழுத்தில்லாத செய்தி போகக்கூடாது என்பது விதி. எழுத்தர் அனுப்பிவிட்டார். அது போயிருக்காது என்ற நினைப்பில் கண்காணிப்பாளர் விரைவு வண்டிக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்.

தவறு தெரிந்தவுடனே தபால் வண்டியை நிறுத்தச் சொல்லி மறுபடியும் தந்தி அடித்தார்கள். வண்டி புறப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த நொடிக்கும் இரண்டு எஞ்சின்களும் தோர்ப் அருகே நேருக்கு நேர் மோதிய நொடிக்கும் இடையே அந்த அறையில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமே இல்லாத நிமிடங்கள். 25 பேர் இறந்தார்கள்.

விதி இல்லாமல் நடந்த விபத்தல்ல இது. விதி தாளில் இருந்தது. மழையிலும் அவசரத்திலும் தாளில் உள்ள விதியை மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் குறை. தந்திக் கருவிகளில் தேர்ந்த எட்வர்ட் டயர் அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டார். 1878இல் அவர் காப்புரிமை பெற்ற கருவி, விதியைத் தாளிலிருந்து எடுத்து உலோகத்தில் வைத்தது.

கந்தளாயும் தம்பலகாமமும் அடுத்தடுத்த கருவி நிலையங்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது. பெட்டிக்குள்ளே வட்டத் தகடுகள், ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு நிலையங்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கும். கந்தளாய் நிலைய அதிபர் மணியடித்துக் கேட்க வேண்டும். தம்பலகாமத்து அதிபர் தன் பக்கத்திலிருந்து மின்னோட்டம் கொடுத்து இசைய வேண்டும். அப்போதுதான் ஒரே ஒரு தகடு வெளியே வரும். வந்த மாத்திரத்தில் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு மறுபடியும் பெட்டிக்குள் விழும்வரை யார் எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்தது வராது. தகடு கையில் இல்லாமல் சாரதி கோச்சியை எடுக்கக்கூடாது. தோர்ப்பில் நடந்ததுபோல் இரண்டு வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் அனுமதி கொடுக்க, இந்தப் பெட்டிகளில் வழியே இல்லை.

1864இல் கொழும்பிலிருந்து தொடங்கிய இலங்கைப் புகையிரத சேவை மலைநாட்டுக்கும் கிழக்குக்கும் ஒற்றைப் பாதைகளை நீட்டியபோது இந்த முறைதான் அவற்றில் காலூன்றியது. இன்றைக்கும் பல நிலையங்களில் பிரம்பு வளையத்தோடு சேர்ந்த தோல் பைக்குள் தகட்டை வைத்து, மெதுவாக வரும் எஞ்சினை நோக்கி நிலைய ஊழியர் நீட்டுவதைப் பார்க்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் ஆசையோடு படம் பிடிக்கிறார்கள். அதற்குப் பின்னால் நோரிச்சின் அந்த இரவு இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்!

தகடு வந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1921 ஜனவரி 26, வேல்ஸின் ஆபர்மியூல் நிலையம். ஒரு வண்டி கொண்டுவந்து கொடுத்த தகடே கைமாறிக் கைமாறி அதே வண்டியின் சாரதியிடம் திரும்பிப் போனது. அடுத்த பகுதிக்கான தகடு என்று எல்லோரும் நம்பினார்கள். பெயரை ஒருவரும் வாசிக்கவில்லை. எதிரே விரைவு வண்டி வந்தது. 17 பேர் மாண்டார்கள். கருவியில் பிழையே இல்லை. தகட்டை வாங்கினால் அதிலுள்ள நிலையப் பெயர்களை வாசித்துப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும் என்பதைச் சாரதிமாருக்கு இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லிக் கொடுப்பது அதனால்தான்.

திருகோணமலை போன்ற பாதைக்கு என் பார்வையில் மிகப் பெரிய நன்மை, பின்னால் வந்த கருவிகளில் சேர்ந்த ஒரு திருத்தம். எடுத்த நிலையத்திலேயே தகட்டைத் திரும்பப் போட முடிந்தது. முன்னால் பாதை அறுந்துகிடப்பதைச் சாரதி கண்டால், தகடு தன்னிடம் இருக்கும்வரை பின்னாலிருந்து வேறு வண்டி வராது என்ற உறுதியோடு கோச்சியைப் பின்னுக்குக் கொண்டுபோகலாம். தகடு பெட்டிக்குள் விழுந்ததும், பாதை சீராகும்வரை அடுத்த தகட்டைக் கொடுக்காமல் அந்தப் பகுதியை மூடிவைக்கலாம். பயணிகள் இறங்கி, கந்தளாய் வழியாகப் போகும் ஏ-6 வீதியில் பஸ் பிடிப்பார்கள். நம்முடைய ‘மாற்று வழி’ அதுதான்.

புயலில் கம்பியே அறுந்து கருவி செத்துப்போனால்? அதற்கும் பழைய பிரித்தானிய விதி ஒன்று உண்டு. ஒரு மனிதரைத் தகடாக நியமிப்பது. எழுத்தில் நியமனம், கையில் பட்டி. அவர் எஞ்சினில் ஏறினால், அல்லது நேரில் நின்று எழுத்தில் உத்தரவு கொடுத்தால் மட்டுமே வண்டி நகரும். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களில் இருக்க முடியாது என்ற எளிய உண்மையின்மேல் நிற்கும் பாதுகாப்பு அது.

ஆனால் தகடு ஒரு வண்டியை இன்னொரு வண்டியிடமிருந்துதான் காக்கும். கடலும் காற்றும் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. 1964 டிசம்பர் 22ஆம் திகதி வட இலங்கையைச் சிதைத்துக்கொண்டு போன புயல், அன்றிரவே தமிழ்நாட்டின் தனுஷ்கோடியில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். சமிக்ஞை விழாததால் சாரதி காத்திருந்தார், பிறகு ஊதல் கொடுத்துவிட்டு மெல்ல எடுத்தார் என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள். அந்தச் சாரதியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்றின் வேகத்தை அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2004 டிசம்பர் 26. திருகோணமலைக் கரையைச் சுனாமி அலை அடித்த அதே காலை, கொழும்பிலிருந்து காலி நோக்கிப் போன 50ஆம் இலக்க வண்டி பெரலியவில் அலைக்குள் சிக்கியது. 1,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருதானைக் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி எட்டியிருந்தது. கரையோரப் பாதையின் மற்ற வண்டிகளை நிறுத்தினார்கள். அம்பலாங்கொடைக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஊழியர்கள் வந்து நின்ற வண்டியைக் கவனித்துக்கொண்டிருந்ததால் எடுக்க ஆளில்லை. எடுத்தபோது வண்டி போய்விட்டிருந்தது. நோரிச்சுக்கு வந்த அதே பதில், 130 ஆண்டுகள் கழித்து.

இதற்கு விடை பாம்பனில் இருக்கிறது. அங்கே பழைய கடற்பாலத்தின்மேல் காற்றளவி ஒன்றை வைத்துச் சமிக்ஞையோடு இணைத்தார்கள். மணிக்கு 58 கிலோமீற்றரைக் காற்று தாண்டியபோதெல்லாம் சமிக்ஞை தானாகவே சிவப்பானது. யாரும் தொலைபேசி எடுக்கத் தேவையிருக்கவில்லை, யாரும் துணிச்சல் காட்டவும் வாய்ப்பிருக்கவில்லை. டயர் 1878இல் செய்ததையே இங்கே காற்றுக்குச் செய்தார்கள்.

கிழக்குப் பாதைக்கும் அது வேண்டும் என்று கேட்கிறேன். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த ஊர், இந்தப் பாதையில் ஒரு நிலையம். 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைக்கு அருகே மட்டக்களப்புப் பாதை வண்டி மோதி ஆறு யானைகள் செத்து, வண்டியும் தடம் புரண்டது. குளத்தின் நீர்மட்டமும், மதகுகளுக்கு அடியில் ஏறும் வெள்ளமும், யானைகள் தண்டவாளம் கடக்கும் இடங்களும் முன்கூட்டித் தெரிந்தவை. அவற்றை அளக்கும் கருவிகளைச் சமிக்ஞையோடு கட்டிவைக்க வேண்டும். நீர் குறித்த அளவைத் தாண்டிய நேரத்தில் கந்தளாய் அதிபர் மணியடித்துக் கேட்டாலும், தம்பலகாமத்து அதிபர் இசைந்தாலும், தகடு வெளியே வரக்கூடாது.