பாலியல் குற்றச் சட்டத்தில் சம்மதம்: கல்வராயன் மலையும் சித்தேரி மலையும்

பாலியல் வன்புணர்ச்சி பற்றிய சட்டத்தில் சம்மதம் என்பது பாலுறவுக்கு ஒருவர் தம் விருப்பத்தோடு உடன்படுவதாகும். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், அச்சத்தால் பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்றதேயன்றி, எது சம்மதம் என்று சொல்லவில்லை. அச்சட்டத்தைச் செயல்படுத்தும் அரசு நிர்வாகமும் எல்லா இடங்களையும் எட்டியிருக்கவில்லை: கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலை, சாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டு 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.

காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை குறித்த துக்காராம் வழக்கில், உடலில் காயம் இல்லை என்பதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர் இருவரை விடுவித்தது. பணிந்துபோவது சம்மதமாகாது என்று சட்டப் பேராசிரியர் நால்வர் மறு ஆண்டே திறந்த கடிதம் எழுத, நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் பயனாய் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, காவலில் உள்ள பெண்ணுடன் உறவு கொண்டது மெய்ப்பிக்கப்பட்டு, தாம் சம்மதிக்கவில்லை என அவர் சாட்சியம் அளித்தால், நீதிமன்றம் அதையே உண்மையென ஊகிக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஆழமாகச் சென்று, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவர் அந்நிலையைப் பயன்படுத்திப் பாலியல் சுரண்டலில் ஈடுபடுவதையே குற்றமாக்கியது.

இவ்விரு சட்டங்களும் நடைமுறையில் இருந்தபோதுதான், கல்வராயன் மலையை ஒட்டிய சித்தேரி மலையடிவாரத்தில், மலையாளிப் பழங்குடியினர் வாழும் வாச்சாத்தி என்ற ஊருக்குள் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக் கட்டை தேடி நுழைந்தனர். ஊரார் மரத்தடியில் திரட்டப்பட, பெண்கள் 18 பேர் ஏரிப் பக்கம் கொண்டுசெல்லப்பட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டனர். அங்கே சம்மதம் குறித்த வாதத்துக்கே இடமில்லை. அப்படியொரு நிகழ்வே இல்லை என்பதுதான் அதிகாரத் தரப்பின் மறுப்பு. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் வழக்காடிய பின் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் 17 பேர் வன்புணர்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

தண்டனைச் சட்டத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம், சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்கப்படும் விருப்ப உடன்பாடே சம்மதம் என்று ஒருவழியாக வரையறுத்து, எதிர்த்துப் போராடாதது மட்டுமே சம்மதமாகாது என்பதையும் சேர்த்தது. அதே திருத்தம், இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கவும் வகைசெய்தது. வாச்சாத்தியை எண்ணும்போது வரையறையைவிட இதுவே பெரிய மாற்றம் எனலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இவ்வரையறையை ஏற்றது. ஆயினும், அதற்கான திருத்தம் ஆட்டிவைக்கும் நிலை பற்றிய பழைய கூறை நீக்கிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 63ஆம் பிரிவில் அவ்வரையறையைத் தொடர்வதோடு, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவுக்கு அளிக்கப்பட்ட விலக்கையும் தக்கவைத்துள்ளது.