நீலகிரியும் ஃபூஜியும்

புகைப்படக் கலையின் வரலாறு என்றவுடன் காமிராவின் வரலாறு என்றே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். காமிரா என்பது ஒளி புகாத ஒரு பெட்டி. அதன் முகப்பில் ஒரு கண்ணாடி வில்லை. வில்லை உருவத்தை விழச் செய்யுமேயன்றி, அதனைப் பிடித்து வைத்துக்கொள்ள வல்லதன்று. பிடித்து வைக்கும் ஆற்றல் பெட்டியினுள் சுருண்டு கிடக்கும் படச்சுருளுக்கே உரியதாக இருந்தது. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகைப் படம் பிடித்த அந்தச் சுருளை உண்டாக்கும் தொழிற்சாலை ஒன்று நம் தமிழ்நாட்டிலும் இருந்தது. அதன் வரலாற்றையும், அதே தொழிலில் தோன்றி இன்றும் நிலைத்திருக்கும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், படச்சுருள் என்பது யாது? வெள்ளி நைட்ரேட்டும் பொட்டாசியம் புரோமைடும் சேர்ந்தால் வெள்ளி புரோமைடு உண்டாகிறது. ஒளி பட்டால் மாறும் இயல்பு அதற்கு உண்டு. அதன் நுண்ணிய துகள்களை ஜெலட்டின் என்னும் பசையில் கலந்து தடவும் முறையை 1871ஆம் ஆண்டில் ரிச்சர்டு மேடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் வெளியிட்டார். ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. ஒரே முறையில் செய்த சுருள்களில் சில ஒளியை விரைந்து ஏற்பதும், சில மந்தமாக இருப்பதும் ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஷெப்பர்டு 1920களில் அதற்கு விடை கண்டார். மாடுகள் மேய்ந்த கடுகினச் செடிகளிலுள்ள கந்தகப் பொருள், மிகச் சிறிய அளவில் ஜெலட்டினில் தங்கிச் சுருளின் உணர்வாற்றலை மிகுவிக்கிறது என்பதே அவ்விடை.

மாடு தின்ற தழைகூடப் படத்தைப் பாதிக்குமெனின், காற்றிலுள்ள தூசியும் நீரிலுள்ள அழுக்கும் எவ்வளவு கேடு செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே இத்தொழிலுக்குத் தூய காற்று வேண்டும். தெளிந்த நீர் நிறைய வேண்டும். மிகுந்த வெப்பமும் கூடாது. இவை ஒருங்கே அமைந்த இடம் பெரும்பாலும் மலைநாடாகவே இருக்கும்.

நம் நாட்டுக்கு இத்தொழில் ஏன் தேவைப்பட்டது? இந்தியாவில் திரைப்படங்கள் ஏராளமாக எடுக்கப்பட்டன. ஆனால் அவற்றுக்குரிய கச்சாச் சுருள் வெளிநாடுகளிலிருந்தே கப்பலேறி வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வரத்துக் குறைந்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசாங்கம் விதித்தது. நிமிடத்திற்கு 90 அடி ஓடும் சுருள் அது. கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டு மணிக்குச் சற்றே கூடுதல். அதுவரை பாட்டுக்கு மேல் பாட்டாக நீண்டுகொண்டிருந்த தமிழ்ப் படங்களும் கத்தரிக்குள் அடங்கவேண்டியதாயிற்று. நான் வாழும் ராயப்பேட்டைக்கு அண்மையில் இருந்த ஜெமினி படக்கூடத்திலிருந்து 1948இல் ‘சந்திரலேகா’ வெளிவந்து நாடெங்கும் புகழ் பெற்றது. அத்தகைய படத்தின் ஒவ்வோர் அடிக்கும் நாம் அயல்நாட்டாரையே நம்பியிருந்தோம். மருத்துவமனை எக்ஸ்ரே சுருளின் நிலையும் அதுவே. அந்நியச் செலாவணியோ அந்நாளில் அரிய பொருள்.

இந்நிலையை மாற்ற மத்திய அரசு 1960ஆம் ஆண்டில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. கடல் மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் உதகமண்டலம் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரான்சு நாட்டின் பௌஷே நிறுவனம் தொழில்நுட்பம் வழங்கியது. 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. கறுப்பு வெள்ளைச் சுருள், திரைப்படச் சுருள், எக்ஸ்ரே சுருள், புகைப்படத் தாள் ஆகியவை ‘இந்து’ என்னும் பெயரில் வெளிவந்தன. அச்சொல்லுக்குத் திங்கள் என்பது பொருள். மேலைநாட்டுப் பழைய இரசவாதிகள் வெள்ளியைத் திங்களுக்குரிய உலோகமாகக் கருதினர். ஆகவே வெள்ளி உப்பால் ஆகும் சுருளுக்கு அது மிகப் பொருத்தமான பெயரே. தொழிலாளர் குடியிருப்பும் இந்து நகர் என்றே வழங்கலாயிற்று. முழு இருட்டிலும் மங்கிய விளக்கொளியிலும் கைப்பழக்கத்தால் வேலை செய்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது வாழ்வளித்தது.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். 1934ஆம் ஆண்டில், செல்லுலாய்டு நிறுவனம் ஒன்றிலிருந்து பிரிந்து ஃபூஜி போட்டோ பிலிம் தோன்றியது. அவர்களும் தூய நீர் தேடி அஷிகாரா மலைப்பகுதியின் அடிவாரத்தையே நாடினர். சுருளோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஒளியியல் கண்ணாடியும் வில்லைகளும் செய்யப் பயின்றனர். 1948இல் ‘ஃபூஜிகா சிக்ஸ்’ என்னும் காமிராவை வெளியிட்டனர். ஃபூஜினான் வில்லைகள் பிற்காலத்தில் தொலைக்காட்சி நிலையங்களிலும் இடம்பெற்றன. 1981இல், எக்ஸ்ரே படத்தைச் சுருளின்றிக் கணிப்பொறி வழியே பெறும் முறையை அறிவித்தனர். 1988இல், படத்தை நினைவட்டையில் பதியும் காமிரா ஒன்றையும் செய்து காட்டினர். சுருள் விற்று வாழ்ந்தவர்களே சுருள் வேண்டாத காலத்திற்கும் தம்மை ஆயத்தம் செய்துகொண்டனர்.

இங்கேதான் இரு வரலாறுகளும் பிரிகின்றன. உதகையில் கறுப்பு வெள்ளைத் தொழில்நுட்பமே வேரூன்றியது. வண்ணச் சுருளைப் பெரும் உருளைகளாக இறக்குமதி செய்து, வெட்டிப் பொதிந்து விற்கும் அளவோடு வண்ணப் பணி நின்றது. 1990களில் பாலியெஸ்டர் அடித்தள எக்ஸ்ரே சுருளுக்கென்று பெருங்கடனில் ஒரு புதிய ஆலை எழுந்தது. எக்ஸ்ரே சுருளுக்கு மாற்று ஜப்பானில் அறிவிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன என்பது இங்கே நோக்கத்தக்கது. 1991க்குப் பின் இறக்குமதித் தடைகளும் தளர்ந்தன. வட்டி வளர்ந்தது, விற்பனை தளர்ந்தது. 1990களின் நடுப்பகுதியிலேயே நலிவுற்ற நிறுவனங்களின் வரிசையில் அது சேர்ந்தது. எஞ்சிய ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு அளிக்க 2014இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அத்துடன் ஆலையின் கதை முடிவுற்றது.

உலகில் வண்ணச் சுருளின் தேவை 2000ஆம் ஆண்டில் உச்சத்தை எட்டிப் பத்தே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே வீழ்ந்தது. 1975இலேயே முதல் எண்முறைக் காமிராவைச் செய்த கோடாக் நிறுவனமே 2012இல் திவால் பாதுகாப்பு கோரிற்று. ஆகவே உதகை ஆலையை மட்டும் பழிப்பது முறையன்று. பொதுத்துறை நிறுவனம் ஒன்று ஒவ்வொரு முடிவுக்கும் டெல்லியின் அனுமதியை எதிர்நோக்கவேண்டியிருந்ததையும் நாம் மறக்கலாகாது. ஃபூஜியும் நோவின்றிப் பிழைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பணியிடங்கள் அங்கும் குறைக்கப்பட்டன. ஆனால் அவர்கள் “நாம் எதை விற்கிறோம்?” என்று கேட்டதோடு நில்லாமல், “நமக்கு எது தெரியும்?” என்றும் கேட்டனர். மெல்லிய படலம் தடவத் தெரியும். அது கணிப்பொறித் திரைக்குரிய படலமாயிற்று. ஜெலட்டினின் மூலமான கொலாஜனைத் தெரியும். படம் நிறம் மங்காமற் காக்கத் தெரியும். அவ்வறிவு தோலைப் பேணும் பொருள்களாயிற்று. மருந்துத் துறையிலும் மருத்துவக் கருவித் துறையிலும் அந்நிறுவனம் வளர்ந்தது.

மாணவர்களே! நீலகிரியின் காற்றும் ஜப்பானிய மலையடிவாரத்தின் நீரும் ஒரே தொழிலுக்கு இடந்தந்தன. தொழிலாளரின் கைத்திறமையில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு சொல்வதற்கில்லை. வேறுபாடு ஆராய்ச்சியில் இருந்தது. தொழில்நுட்பத்தை விலை கொடுத்து வாங்கலாம். வாங்கியதை அடுத்த படிக்கு உயர்த்தும் அறிவை நாமேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் பாட்டனாரும் பாட்டியாரும் மணக்கோலத்தில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். அவற்றைக் காணும்போது, இருட்டறையில் நின்று இந்நாட்டுக்கெனச் சுருள் செய்த உதகைத் தொழிலாளரையும் நன்றியுடன் நினையுங்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து எதைக் கற்றுத் தொடங்குவது என்பது இனி உங்கள் தலைமுறை விடையளிக்க வேண்டிய வினா.