வம்ச வரலாறு எழுதி வைத்தல்



இங்கிலாந்து தேசத்தில் 1538-ம் வருஷம், எட்டாம் ஹென்றி அரசர் காலத்தில், ஊர்தோறும் தேவாலயப் புஸ்தகத்தில் ஞானஸ்நானமும் விவாகமும் அடக்கமும் எழுதப்பட வேண்டுமென்று உத்தரவாயிற்று. அதனால் அங்கே சிற்றூர்க் குடியானவனும் தன் முன்னோரைத் தேடிக் காண்கிறான். நமது பனமரத்துப்பட்டியில் நம்மவர்க்கு அத்தகைய புஸ்தகம் இல்லை. ஆயினும் வழியே இல்லையென்று சோர்தல் வேண்டா.

1792-ல் சேலம் சீமை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் வசமாயிற்று. காப்டன் ரீடு துரையும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளப்பித்துக் குடிகள் பேரில் நேராகத் தீர்வை விதித்தனர். இரயத்துவாரி முறை அவ்வாறு வேரூன்றியபடியால், தேவாலயப் புஸ்தகத்தின் ஸ்தானத்தை இங்கே நிலக்கணக்கே வகிக்கின்றது. பழைய கிரயப் பத்திரத்திலும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் தகப்பன் பேர் உண்டு. செக்குபந்தியிலே அண்டை நிலத்துப் பங்காளியின் பேரும் அகப்படும். வீட்டுப் பத்திரம் தொலைந்திருப்பினும், பதிவு செய்ததாயின் ரிஜிஸ்டர் கச்சேரியில் நகல் கோரலாம்.

ஆனால் ஒரு பெருங்குறை உண்டு. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பேரிலேயே இருந்தமையால், நம் தாய்மார் பேர் அதில் அரிது. கல்யாண மொய்க் கணக்கைப் புரட்டினால் பெண் கொடுத்த ஊரும் எடுத்த ஊரும் விளங்கும். பேர் விளங்க வேண்டுமானால் வீட்டுக் கிழவிகளைத்தான் கேட்க வேண்டும். பத்திரம் பெட்டியில் கிடக்கும், கிழவிகளோ காத்திரார்.

ஆதலால் அன்பர்கள் இல்லாத பெருமையைக் கற்பித்துச் சேர்க்காமல், பாட்டியின் பேர், அவள் பிறந்த ஊர், அவள் தாயின் பேர் ஆகிய மூன்றையும் இன்றே கேட்டு எழுதி வைப்பார்களாக.