மரம் எந்தப் பக்கம் விழும்?

போன மாதம் எங்கள் தெருக் கோடியில் ஒரு வேப்பமரத்தை வெட்டினார்கள். நாற்பது வயதாவது இருக்கும் மரம். காலை ஒன்பது மணிக்கு இரண்டு பையன்கள் மொபெட்டில் மிஷினைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பத்தரைக்கெல்லாம் மரம் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. மிஷின் பிடித்தவன் காலில் ரப்பர் செருப்பு. கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றுமில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் நாமக்கல்லுக்கு எழுத்தராக வந்தது 1970களில். அப்போது இது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்றுதான். சாலையின் இருபக்கமும் புளியமரங்கள் நின்ற காலம். பட்டுப்போன மரம், காற்றில் சாய்ந்த மரம் இவற்றை ஏலம் விடும் கோப்பு சில ஆண்டுகள் என் மேஜையில் இருந்தது. ஏலம் எடுத்த வியாபாரி மரத்தை எடுக்கும்போது கூட நின்று அளந்து எழுதிக்கொள்ள என்னை அனுப்புவார்கள்.

அப்படிப் போன இடத்தில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். வியாபாரியின் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். அவரிடம் இருந்தவை இரண்டு கோடாலி, ஒரு கொடுவாள், இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீள ரம்பம், ஒரு அரம், தேங்காய் நார்க் கயிறு. அவ்வளவுதான். வந்தவுடன் கோடாலியைத் தொடமாட்டார். முதலில் மரத்தைச் சுற்றி இரண்டு முறை நடப்பார். கிளைப் பாரம் எந்தப் பக்கம் அதிகம், அடியில் பொந்து உண்டா, மேலே கம்பி போகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு பீடி. "காத்து நிக்கட்டுங்க சார். மரம் எங்கயும் ஓடிடாது" என்பார். எனக்கோ மாலைக்குள் அலுவலகம் திரும்ப வேண்டும்.

வெட்டும் முறையும் ஒன்றுதான். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் கோடாலியால் வாய் போல ஒரு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கம், அதைவிடச் சற்று உயரத்தில், ரம்பம். இரண்டும் சந்திக்க விடமாட்டார். நடுவில் இரண்டு விரல், மூன்று விரல் மரம் விட்டுவைப்பார். அதுதான் கதவுக்குக் கீல் மாதிரி. மரம் அந்தக் கீலில் திரும்பிச் சொன்ன பக்கம் சாயும்.

விழுந்த பிறகு என் வேலை. அடிமரத்தின் நடுவில் சுற்றளவு எடுத்து, அதை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். 60 அங்குலச் சுற்று, 12 அடி நீளம் என்றால் 15 பெருக்கல் 15 பெருக்கல் 12, அதை 144ஆல் வகுத்தால் 18.75 கன அடி. உண்மையான கன அளவு 24 கன அடிக்குச் சற்றே குறைவு. மீதி ஐந்து கன அடி பட்டைக்கும் சிராய்க்கும் அறுவைத் தூளுக்கும் போகிறது என்று விட்டுவிடுவது. 18ஆம் நூற்றாண்டில் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் வாய்பாடு போட்டுப் புத்தகமாக அச்சிட்ட கணக்கு இது. இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இலேயே வந்துவிட்டாலும் மரக்கடையில் இன்னும் கன அடிதான்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் பிறந்தது காரைக்காலில். பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த பிறகும் சில பள்ளிகளில் பிரெஞ்சு தொடர்ந்தது. எங்களுக்கு விறகு அளவு என்றால் 'ஸ்தேர்'. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் அடுக்கிய விறகு ஒரு ஸ்தேர். 1795இல், புரட்சிக் காலத்தில், மீட்டரோடு சேர்த்துச் சட்டமாக்கிய அளவு. நாமக்கல்லில் அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? பிரெஞ்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நாற்பது வருடம் கழித்து அதைத் திறக்க வேண்டி வந்தது.

இனி மிஷின் கதை. சங்கிலி ரம்பம் முதலில் மரத்துக்காகப் பிறந்தது அல்ல என்றால் நம்புவீர்களா? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு மருத்துவர்கள், எலும்பை அறுக்கப் பல்வைத்த சிறு சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். 1830இல் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனெ என்பவர் அதற்குக் கைப்பிடியும் சுழற்றும் பிடியும் வைத்தார். மரத்துக்கு வந்தது ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து. 1926இல் ஆந்த்ரெயாஸ் ஸ்டில் என்ற ஜெர்மானியர் மின்சாரத்தில் ஓடும் ரம்பம் செய்தார், 1929இல் பெட்ரோலில் ஓடுவது. எடை 45 கிலோவுக்கு மேல். நம் பெரியவரின் ரம்பம் போல அதற்கும் இரண்டு பேர் தேவை. ஒரே ஆள் தூக்கும் அளவுக்கு அது இளைத்தது 1950களில்.

சங்கிலியின் பல்லுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946இல், ஒரு வண்டுப் புழு கட்டையைக் குடைவதைக் குனிந்து பார்த்தாராம். நேரோட்டமாகவோ குறுக்காகவோ, புழு இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கடித்துச் சுலபமாகப் போகிறது. அந்தத் தாடையைப் பார்த்துச் சங்கிலிக்குப் பல் வைத்தார். இன்று நம் தெருவுக்கு வரும் மிஷினில் ஓடுவதும் அதன் வழிவந்த சங்கிலிதான். 1970களில் மிஷின் துள்ளினால் சங்கிலியை நொடியில் நிறுத்தும் தடுப்பு வந்தது. முன் கைப்பிடிக்கு முன்னால் முறம் மாதிரி நிற்குமே, அதுதான்.

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளில் இதே மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். நான் வந்தபோது லாரிக்கு பாடி கட்டுவது பெரும்பாலும் மர வேலை. இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, வாச்சி என்று ஆசாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மின்சார ரம்பம், மின்சார இழைப்பு, வெல்டிங் எல்லாம் வந்தன. ஆனால் பட்டறையில் ஒரு நன்மை இருந்தது. புது மிஷினையும் பழைய ஆசாரிதான் பையனுக்குக் கற்றுக்கொடுத்தார். மரம் வெட்டும் தொழிலில் அது நடக்கவில்லை. மிஷின் வந்தது, பெரியவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. மூன்றாம் நாள் நான் காரைக்காலில் என் தங்கை வீட்டில் இருந்தேன். கொல்லையில் மாமரம் வேரோடு சாய்ந்து வாசலை அடைத்துக் கிடந்தது. வேரும் மண்ணும் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழும்பி நின்றது. மிஷினோடு வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது. அவனுக்கு இன்னும் பத்து வீடு பாக்கி. "சீக்கிரம் முடிப்பா, கரண்ட்காரங்க வரணும்" என்று அவசரப்படுத்தியது நான்தான்.

அடிமரத்தை வேர்ப்பக்கம் அறுத்தான். மரத்தின் பாரம் விலகியதும், வேர்ச்சுவர் திரும்பக் குழிக்குள் சாய்ந்தது. அறுத்த அடிக்கட்டை விசையோடு மேலே எழும்பி மிஷினைத் தட்டியது. மிஷினில் அந்த முன் தடுப்பு எப்போதோ உடைந்து கழன்றுபோயிருந்தது. ஓடிக்கொண்டிருந்த சங்கிலி அவன் இடது முழங்காலுக்குக் கீழே பட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, கால் தப்பியது. ஆனால் ஆறு மாதம் வேலையில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நாமக்கல் பெரியவர் சாய்ந்த மரத்தை அறுக்கும்போது செய்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். வேரை முதலில் கயிறு போட்டுப் பின்னால் இழுத்துக் கட்டுவார். குழிப்பக்கம் யாரையும் நிற்க விடமாட்டார். "நிக்கிற மரத்தை நம்பலாமுங்க, விழுந்த மரத்தை நம்பக் கூடாதுங்க" என்பார். தெரிந்திருந்தும் அன்று நான் வாய் திறக்கவில்லை.

மருத்துவமனையில் அவனைப் பார்க்கப் போனபோது மிஷினுக்குப் புத்தகம் உண்டா என்று கேட்டேன். அவன் அண்ணன் பெட்டியோடு கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு இருந்தன, தமிழ் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு அப்போதுதான் பயன்பட்டது. மிஷினுக்கு அவர்கள் வைத்த பெயர் 'த்ரோன்ஸொனேஸ்', துண்டு போடுவது என்று பொருள். அது துள்ளுவதற்கு 'ரெபோன்'. பந்து எகிறுவதற்குச் சொல்லும் அதே சொல். இரண்டு இரவு உட்கார்ந்து முக்கியமானதைத் தமிழில் நான்கு தாளில் எழுதினேன். எழுத எழுத ஆச்சரியம். பாதி, பெரியவர் சொன்னதுதான்.

அதன் சாரம் இது:

மரத்தின் உயரத்தைப் போல இரண்டு பங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. வெட்டுபவர் ஓடும் வழியை முதலிலேயே சுத்தம் செய்ய வேண்டும். அது நேர் பின்னால் அல்ல, பின்பக்கம் கோணலாக.

விழும் பக்கம் வாய், எதிர்ப்பக்கம் சற்று உயரத்தில் அறுவை, நடுவில் மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கீலாக விட வேண்டும்.

மிஷின் பட்டையின் நுனி, அதிலும் மேல் பாதி, எதிலும் படக் கூடாது. பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. இரண்டு கையும் பிடியில் இருக்க வேண்டும், இடது கட்டைவிரல் பிடியைச் சுற்றி இருக்க வேண்டும்.

சங்கிலி கூராக இருந்தால் சிராய் வரும். தூள் வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கியதை அழுத்தி அறுப்பதில்தான் கை தவறும். நிறுத்தி, உருட்டு அரத்தால் எல்லாப் பல்லையும் ஒரே அளவாகத் தீட்ட வேண்டும்.

சூடான மிஷினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. முன் தடுப்பு உடைந்த மிஷினை முடுக்கவே கூடாது.

அந்த நான்கு தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். போன மாதம் வேப்பமரம் வெட்டிய பையன்களுக்கும் டீயோடு கொடுத்தேன். ஒருவன் மடித்துப் பைக்குள் வைத்தான். செருப்புப் போட்டவன் நின்று முழுவதும் படித்துவிட்டு, "வேர்ல கயிறு எங்கீங்க கட்டறது?" என்று கேட்டான். தெரிந்த மட்டும் காட்டினேன்.

உங்கள் வீட்டில் மரம் வெட்ட ஆள் வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். சாலையோர மரமோ புறம்போக்கு மரமோ என்றால் அனுமதி வாங்காமல் தொட விடாதீர்கள். மிஷினில் முன் தடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவது, என்னைப் போல அவசரப்படுத்தாதீர்கள். பெரியவர் சொன்ன மாதிரி, மரம் எங்கேயும் ஓடிவிடாது.